பெங்களூரில் நாய் தத்தெடுக்கப் போகிறீர்களா? ராஜபாளையம், சிப்பிப்பாறை தேடி வருவோருக்கு ஒரு வழிகாட்டி

"அக்கா, ராஜபாளையம் கிடைக்குமா?"

பெங்களூரில் நான் ஞாயிறுதோறும் உதவிக்குப் போகும் காப்பகத்துக்குத் தமிழ்க் குடும்பம் ஏதாவது வந்தால் பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான். சில நாள் ராஜபாளையத்துக்குப் பதில் கன்னி வரும், சில நாள் சிப்பிப்பாறை. ஊரில் தாத்தா வளர்த்தார், சின்ன வயதில் அதோடு காடு மேடெல்லாம் ஓடியிருக்கிறேன், இங்கே பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பார்கள். கிடைக்கும் என்றுதான் நானும் சொல்வேன். சொன்ன கையோடு உட்காரவைத்து அரை மணி நேரமாவது பேசுவேன். அப்படிப் பேசுவதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். இதுவரை நாயே வளர்க்காதவர், இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

வீட்டைச் சரிபாருங்கள்

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். வளர்ப்புப் பிராணி கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓனரிடம் பேசி, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக வந்தாலும் போதும். வாய்ச்சொல்லை நம்பி நாயைக் கொண்டுவந்துவிட்டு, மூன்று மாதத்தில் வீடு மாறவேண்டிய நிலை வந்து, கடைசியில் நாயைத் திருப்பிக் கொடுத்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை அவர்களுக்கும் இருந்தது. நாய்க்கு இருந்தது அதைவிட அதிகம்.

அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கதை வேறு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் குடியிருப்பில் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாளே அதை நீட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். கீழ்வீட்டுக்காரரிடம் போய், "நாய் ஒன்று வருகிறது, முதல் ரெண்டு வாரம் கொஞ்சம் குரைக்கும், பொறுத்துக்கோங்க" என்று நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து நேரம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, சில்க் போர்டு நெரிசலில் மாட்டி, இரவு எட்டுக்குத் திரும்பும் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் குட்டி நாய் வேண்டாம். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளில் நான்கு வேளை உணவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர். பன்னிரண்டு மணி நேரம் அது தனியாக என்ன செய்யும்? அதே வீட்டில் மூன்று, நான்கு வயது கடந்த அமைதியான நாய் ஒன்று, மதியம் ஒருவர் வந்து நடக்கக் கூட்டிப்போகும் ஏற்பாட்டோடு நன்றாகவே வாழும். நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு வளர்ந்த நாயைத்தான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். அதன் குணம் என்ன, உயரம் என்ன, பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்துவிடும். குட்டியிடம் எல்லாமே ஊகம்தான்.

செலவையும் கணக்குப் போடுங்கள். என் வீட்டு நாட்டு நாய்க்குச் சாப்பாடு, உண்ணி மருந்து, ஆண்டுத் தடுப்பூசி எல்லாம் சேர்த்து மாதத்துக்குச் சராசரி 3,000 ரூபாய் ஆகிறது. நோய் வந்தால் இந்தக் கணக்கு நிற்காது. ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு நாயைத் தேடுங்கள்.

எந்த இனம், எந்த வீட்டுக்கு

நம் ஊர் இனங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஆசைப்பட்டு வாங்கி அறியாமல் கைவிடுவது இவற்றில்தான் அதிகம் நடக்கிறது. 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ராஜபாளையம், முதோல், ராம்பூர் வேட்டைநாய், இமாலய ஆட்டுநாய் ஆகியவை அந்த நான்கு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, முதோல் எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதன் பிறகு எங்களுக்கு வரும் விசாரிப்புகள் கூடின. ஓரிரு வருடம் கழித்து, கழுத்தில் அறுந்த கயிற்றோடு தெருவில் திரியும் வேட்டைநாய்களும் கூடின.

ராஜபாளையம் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, ஆளை அளக்கும் பார்வை. காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்த்த நாய். வீட்டார் ஓரிருவரிடம் உயிராக இருக்கும், அந்நியரை எளிதில் ஏற்காது. தினம் பத்து டெலிவரி ஆட்கள் வந்து மணியடிக்கும் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் அதற்கு மன உளைச்சல்தான் மிஞ்சும். தனி வீடு, சுற்றுச்சுவர், ஏற்கெனவே நாய் வளர்த்த கை இருந்தால் கேளுங்கள். காதையும் சோதித்துப் பார்க்கவேண்டும். அந்த வெண்மையைத் தரும் மரபணுவே உள்காதில் இருக்கவேண்டிய நிறமிச் செல்களையும் இல்லாமல் செய்துவிடுவதால், இந்த இனத்தில் சில நாய்கள் பிறவிச் செவிடு. நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டாதீர்கள், காற்றும் அதிர்வும் பட்டுத் திரும்பிவிடும். காது ஒன்றாவது அசைகிறதா என்று பாருங்கள். செவிட்டு நாயை வளர்க்க முடியாது என்று அர்த்தமில்லை. கைச்சைகையில் எல்லாம் கற்றுக்கொள்ளும். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், மூக்கருகே கையைக் காட்டி மணத்தால் எழுப்பவேண்டும். வெளியில் ஒருபோதும் வாரை அவிழ்க்கக்கூடாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏற்கும் மனம் வேண்டும், அவ்வளவுதான்.

சிப்பிப்பாறையும் கன்னியும் விருதுநகர், தூத்துக்குடி, நெல்லைக் கரிசல் சீமையின் முயல் வேட்டை நாய்கள். கன்னி பெரும்பாலும் கறுப்பு, கண்ணுக்கு மேலும் காலிலும் செம்பழுப்பு. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். சிப்பிப்பாறை செவலை, சாம்பல், கறுப்பு என்று பல நிறத்தில் வரும். இரண்டும் ஒரே இனத்தின் இரு முகம்தான் என்று சொல்வோரும் உண்டு. இவை கண்ணால் வேட்டையாடுபவை, மோப்பம் இரண்டாம்பட்சம். அசைவது எதுவாக இருந்தாலும், அது அணிலோ பூனையோ ஸ்கூட்டரில் பறக்கும் பிளாஸ்டிக் பையோ, ஓட்டம் பிடித்துவிடும். ஓடத் தொடங்கினால் உங்கள் குரல் அதற்குக் கேட்காது. வீட்டுக்குள்ளோ இதற்கு நேர்மாறு. நல்ல ஓட்டம் கிடைத்த நாளில் சோஃபா மூலையில் சுருண்டு பதினாறு மணி நேரம் சத்தமில்லாமல் கிடக்கும். ஃபிளாட்டுக்கு ராஜபாளையத்தைவிட இவை எவ்வளவோ பொருத்தம், காலையில் எழுந்து ஓடவைக்க ஆள் இருந்தால். பூனை இருக்கும் வீட்டுக்கு மட்டும் யோசித்துத்தான் கொடுப்போம்.

இன்னொன்று: இவற்றின் விலா எலும்பு தெரிவது இயல்பு. சோறு போடவில்லையா என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்பார், அதற்காகக் குண்டாக்கிவிடாதீர்கள். வெறும் தரையில் படுத்தால் முழங்கை தேய்ந்து புண்ணாகும், கனமான மெத்தை வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கரிசல் வெயிலுக்குப் பழகிய இந்த மெல்லிய தோல் நடுங்கும். பழைய ஸ்வெட்டர் ஒன்று போதும்.

கோம்பை, தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயர் தாங்கியது. செம்பழுப்பு உடல், கறுத்த முகம், அசாத்திய காவல் குணம். முதல் நாயாக இதை எடுக்கவேண்டாம் என்றே சொல்வேன். முதோல் இந்தக் கர்நாடகத்துக்கே உரியது, பாகல்கோட்டை மாவட்டம். குணத்தில் சிப்பிப்பாறைக்குப் பங்காளி. பெங்களூர்க் காப்பகங்களில் நம் ஊர் இனங்களைவிட முதோலும் முதோல் கலப்பும் அடிக்கடி வரும். சிப்பிப்பாறை கேட்டு வந்து முதோல் கலப்போடு போன வீடுகள் எனக்கு நாலைந்து தெரியும். அவர்கள் குறையொன்றும் சொன்னதில்லை.

வெளிநாட்டு இனங்களும் இங்கே கைவிடப்படுகின்றன. கோடையில் மூச்சு வாங்கும் ஹஸ்கி, மூன்று முறை குட்டி போடவைத்துவிட்டுத் தெருவில் விட்ட லேப்ரடார், நோய் வந்த பக். மருந்துப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து விடுவிக்கப்பட்ட பீகிள்களுக்கும் இந்த ஊரில் வீடு தேடித் தந்திருக்கிறார்கள். கூண்டிலேயே வளர்ந்த நாய்கள் அவை. முதல்முறை புல்லில் இறக்கியபோது கால் வைக்கத் தெரியாமல் நின்றன. அப்படி ஒரு நாயை எடுக்க முன்வருபவர்களுக்குப் பொறுமை மாதக்கணக்கில் வேண்டும்.

பிறகு, பெயரே இல்லாத இனம். தெருவில் பிறந்த நாட்டு நாய். காப்பகத்தில் பத்துக்கு எட்டு இதுதான். இந்த ஊர் வெயில், மழை, தண்ணீர் எல்லாம் பழகிய உடம்பு, பரம்பரை நோய் குறைவு, படிப்பில் கெட்டி. ராஜபாளையம் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் உண்மையில் தேடுவது தாத்தா வீட்டு வாசலில் படுத்திருந்த அந்தத் துணையை. அது நாட்டு நாயிடமே இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

இல்லை, எனக்குக் கலப்பில்லாத குட்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு: முதோல் அருகே திம்மாபூரில் கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆய்வு மையம் இருக்கிறது. தனியாரிடம் போனால், 2017இன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி அவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது அந்த விதிகளின்படி தவறு. தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஊர்ப் பெருமை பேசி விற்பவர்கள் நிறைய. அண்ணன் தங்கையைச் சேர்த்து ஈனவைத்த குட்டிக்குப் பெருமை மட்டும் உடம்பைத் தராது.

எங்கே போவது, என்ன கேட்பார்கள்

பெங்களூரில் காப்பகங்களுக்குக் குறைவில்லை. 1991இல் தொடங்கிய கூபா (CUPA) அமைப்புக்கு, கைவிடப்பட்ட உயர்சாதி நாய்களுக்கென்றே செகண்ட் சான்ஸ் என்ற தத்தெடுப்பு மையம் உண்டு. அரிய இனம் தேடுபவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். சார்லி என்ற நாயின் பெயரில் தொடங்கிய சார்லீஸ் அனிமல் ரெஸ்க்யூ சென்டர், ஹெப்பாளில் கருணா, நாட்டு நாய்க் குட்டிகளுக்கு வீடு தேடும் லெட்ஸ் லிவ் டுகெதர், சர்வோதயா என்று இன்னும் பல. பெரும்பாலும் ஊருக்கு வெளியே அல்லது ஊரின் ஓரத்தில். போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். சும்மா பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறப்பதில்லை, நாய்களுக்கு அது பெரும் கலவரம்.

படிவம் ஒன்று தருவார்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வாடகை என்றால் ஓனர் சம்மதம். பிறகு வீட்டில் யார் யார், எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், பால்கனிக்கு வலை இருக்கிறதா, குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பெண் பார்க்க வந்தவர்களைக் கேட்பதுபோல இருக்கிறதே என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். கோபிக்காதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்டது அது. இரண்டாம் முறை கைவிடப்பட்ட நாய் சாப்பிடாமல் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சில இடங்களில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். குட்டியாக இருந்தால், வயது வந்ததும் கருத்தடை செய்வேன் என்று எழுதி வாங்குவார்கள்.

காப்பகம் நாயை விலைக்குத் தராது. தடுப்பூசி, அறுவை சிகிச்சைச் செலவுக்கு நன்கொடை கேட்கலாம், அதற்கு ரசீது தருவார்கள். சமூக ஊடகத்தில் அழகான சிப்பிப்பாறைக் குட்டி படம் போட்டு, "தத்துக்கு இலவசம், வண்டிச் செலவு மட்டும் முன்பணம் அனுப்புங்கள்" என்று வந்தால் அது ஏமாற்று. நாயை நேரில் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பவேண்டாம்.

முதல் சந்திப்பு

வீட்டில் உள்ள அத்தனை பேரும் போங்கள். முக்கியமாக, நாய் என்றால் பயப்படும் அம்மாவோ மாமியாரோ இருந்தால் அவர்கள் கட்டாயம். உள்ளே போனதும் கூண்டுக்குக் கூண்டு ஓடாதீர்கள். ஓரிடத்தில் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணுக்கு நேரே உற்றுப் பார்க்காதீர்கள், தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். நாயே வரட்டும். முதலில் ஓடிவந்து மேலே தாவும் குட்டிதான் எல்லோருக்கும் பிடிக்கும். பின்னால் நின்று உங்களைக் கவனித்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மெல்ல வந்து கையை முகரும் நாய் அமைதியான வீட்டுக்கு அதைவிட ஏற்றது.

பராமரிப்பாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். எப்படி இங்கே வந்தது? யாரையாவது கடித்திருக்கிறதா? சாப்பாட்டுத் தட்டருகே போனால் உறுமுமா? மற்ற நாய், பூனை, குழந்தை? இடி, பட்டாசு? உண்ணிக்காய்ச்சல் வந்ததுண்டா? தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். காது நுனியில் ஒரு வெட்டு இருந்தால் பயப்படவேண்டாம், கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தெருநாய்க்கு அடையாளம் அது. ஒருமுறை பார்த்துவிட்டு அன்றே தூக்கிக்கொண்டு வராதீர்கள். இன்னொரு நாள் போய் அதோடு அரை மணி நேரம் நடங்கள். இரண்டாம் முறை உங்களை அடையாளம் கண்டு வாலாட்டினால் அந்தச் சந்தோஷத்தை நீங்களும் மறக்கமாட்டீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நாய் தொலைவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். எனக்கே நடந்தது. சிப்பிப்பாறைக் கலப்பான என் நாய், செவலை என்று பெயர், வந்த நான்காம் நாள் காலை, பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். கழுத்தில் பட்டையும் வாரும் இருந்தன. பின்னால் ஒரு இழு இழுத்தாள், பட்டை என் கையில், அவள் தெருமுனையில். வேட்டைநாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை குறுகலாக இருக்கும், சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. லிங்கராஜபுரம் முழுக்க அழுதுகொண்டே தேடினேன். தமிழில் "வா, வா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிவிட்டது. மாலையில் ரயில் பாதையோரம் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் கன்னட அம்மா ஒருவர், "பா, பா" என்று இரண்டு தடவைதான் கூப்பிட்டார். புதரிலிருந்து வெளியே வந்தாள். காப்பகத்தில் அவள் கேட்டு வளர்ந்த மொழி அது.

அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, வேட்டைநாய் என்றால் இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, அதோடு மார்பில் கட்டும் ஹார்னஸ். முதல் மாதம் இரண்டிலும் தனித்தனி வார். உங்கள் போன் எண் பொறித்த வில்லை கழுத்தில் எப்போதும் இருக்கட்டும், மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள். இரண்டு, நாய்க்குப் பழக்கமான கன்னடச் சொற்களைக் காப்பகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "பா" என்றால் வா, "கூத்கோ" என்றால் உட்கார், "பேடா" என்றால் வேண்டாம். முதல் சில வாரம் கன்னடச் சொல்லைச் சொல்லிவிட்டு உடனே தமிழ்ச் சொல்லையும் சொல்லுங்கள். தமிழ் தானாக ஏறிவிடும்.

முதல் மூன்று நாள் உறவினர் யாரையும் கூப்பிடவேண்டாம். குளிப்பாட்டவேண்டாம். ஒரு மூலையில் படுக்கை, தண்ணீர், அருகில் உங்கள் பழைய சட்டை. சாப்பிடாமல் இருக்கலாம், கட்டிலடியில் ஒளியலாம், அது சகஜம். மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும். இது என் வீடு என்று அது நம்ப மூன்று மாதம்வரை ஆகும்.

காப்பகத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுங்கள், பெரும்பாலும் சோறும் கோழியும்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஊரில் கம்பங்கூழ் குடித்தே வேட்டைக்குப் போனது என்பார்கள். அந்த நாய் தானே பிடித்துத் தின்ற எலியையும் ஓணானையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முட்டை, கோழி, மீன் என்று புரதம் கட்டாயம் வேண்டும். நம் சமையலறையில் கவனிக்கவேண்டியது வெங்காயமும் பூண்டும். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சின்ன வெங்காயச் சாம்பார் ஊற்றிய சோறு, பிரியாணியில் மிஞ்சியது இரண்டும் கூடாது. பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். வெந்த கோழி எலும்பு ஈட்டிபோல உடைந்து குடலைக் கிழிக்கும். தாளிக்காத தயிர்ச்சோறு தரலாம், உப்பு வேண்டாம்.

உடம்பு

வந்த வாரத்திலேயே ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, குயின்ஸ் ரோடு அரசு கால்நடை மருத்துவமனை இரண்டும் செலவு தாங்காதவர்களுக்குப் பெரிய உதவி. குட்டியென்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய நாய்நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை போடவேண்டும். வெறிநோய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் யாரையாவது கீறினாலோ கடித்தாலோ, ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

பெங்களூரில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் அஞ்சும் சொல் உண்ணிக்காய்ச்சல். நேற்றுவரை ஓடிய நாய் இன்று தட்டைத் திரும்பிப் பார்க்காது, உடம்பு கொதிக்கும், ஈறு வெளுத்திருக்கும், சிலசமயம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரியும், சீக்கிரம் மருந்து தொடங்கினால் பிழைத்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டு இரண்டு நாள் தாமதித்த ஒரு குட்டியை நாங்கள் இழந்தோம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் தடவிப் பாருங்கள். உண்ணி மருந்தை ஒரு மாதமும் தவறவிடாதீர்கள். காய்ச்சல் என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுக்கவே கூடாது.

சிப்பிப்பாறை, கன்னி, முதோல் வைத்திருப்பவர்கள், கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது "இது வேட்டைநாய்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கொழுப்பில்லாத உடம்பாதலால் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து இவை தெளிய வெகுநேரமாகும். வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்கள்.

தெருவும் பண்டிகையும் ஊர்ப் பயணமும்

உங்கள் தெருவில் ஏற்கெனவே நாலைந்து நாய்கள் இருக்கும். அவற்றுக்கு அது சொந்த இடம். முதல் வாரம் அவை அயர்ந்திருக்கும் பிற்பகலிலோ இரவு வெகுநேரம் கழித்தோ நடத்துங்கள். சோறு வைப்பவரோடு நட்பாகிவிட்டால் நாய்களும் நட்பாகும். மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். கழிவை அள்ளப் பை இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள், அசோசியேஷன் சண்டைகளில் பாதி அதில்தான் தொடங்குகிறது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே மாலை நடையை வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். ஜன்னலை மூடி, டிவியைச் சத்தமாக வைத்து, நீங்கள் பக்கத்தில் இருங்கள். பயத்தில் மாடியிலிருந்து குதித்த நாய்களை ஆண்டுதோறும் காப்பகம் எடுத்துவருகிறது.

என்ன முயன்றும் சரிப்படவில்லை என்றால், காப்பகத்துக்கு முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். பழக்குபவரை அனுப்புவார்கள், அல்லது வேறு வீடு பார்ப்பார்கள். திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் அது தண்டனைக்குரிய குற்றம்.

ஊருக்கு ரயிலில் கூட்டிப்போகலாம். முதல் வகுப்பு ஏசியில் இருவர் கூப்பே அல்லது நால்வர் அறை முழுவதையும் நீங்களே எடுக்கவேண்டும். எல்லா வண்டியிலும் அந்தப் பெட்டி இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிப் புத்தகம், மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, டிக்கெட் மூன்றோடும் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய் நாய்க்குப் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் அனுப்புவதும் அனுமதிதான், ஆனால் சத்தமும் சூடும் அதிகம், நான் அனுப்பமாட்டேன். ஏறுவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தி, ஸ்டேஷனுக்கு வெளியே நன்றாக நடக்கவிடுங்கள். உள்ளே போனதும் வீட்டில் அது படுக்கும் போர்வையை அப்படியே, துவைக்காமல், கீழே விரியுங்கள். என் செவலை முதல் பயணத்தில் ஓசூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.